ஒரு செட்டு மாத்திரையும் கரிவலம் டிக்கெட்டும்

பட்டிமன்றத்தில் பேச வருகிறீர்களா என்று போனில் கேட்டார்கள். "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எந்த ஊர், என்ன தலைப்பு என்று கேட்டேன். அன்றைக்கு எத்தனை பேரிடம் அந்தச் செய்தியைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பால்காரரிடம் சொன்னேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னேன். யாரோ தவறான நம்பர் என்று போனை வைக்கப் போனார், அவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். அவர் பாவம், வாழ்த்துகள் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

நான் சங்கரன்கோவிலில் ஒரு சேலைக் குடோனில் வேலை பார்க்கிறேன். முன்பக்கம் தறிகள் ஓடும். பின்பக்கம் நாங்கள் சேலையை விரித்துப் பார்த்து, இழை விட்டிருக்கிறதா என்று சோதித்து, மடித்து அடுக்குவோம். பதினாறு வருடமாகத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, எனக்கு மெதுவாகப் பேச வராது. மகளின் பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோர் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று மைக்கை நீட்டினார்கள். நான் மைக்கை ஓரமாக வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசினேன். அதற்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர், இந்தப் பக்கத்து ஊர்களில் பட்டிமன்ற நடுவராக இருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். போன் அவரிடமிருந்துதான்.

ஊர் கரிவலம்வந்தநல்லூர். அது என் வீட்டுக்காரரின் சொந்த ஊர். கோவில் விழாவை ஒட்டி மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. தலைப்பு, 'குடும்பத்தில் நிம்மதியைக் கெடுப்பது செல்போனா, சொந்தக்காரர்களா?' எனக்குக் கொடுத்தது சொந்தக்காரர்கள் அணி. அதாவது என் மாமியார், நாத்தனார், கொழுந்தன், அவர்களுடைய சம்பந்தி வீடுகள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, சொந்தக்காரர்களால்தான் நிம்மதி போகிறது என்று நான் நிரூபிக்க வேண்டும். அதிலும் நான்தான் கடைசிப் பேச்சாளர். பயத்தில் பாதியும் குஷியில் பாதியுமாக இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

என் நாத்தனாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். மேலநீலிதநல்லூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. எங்கள் ஊரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில்தான் போய்வருவார். வெயிலோ மழையோ அவருக்கு மூக்கில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், கையில் கர்ச்சீப் இருந்துகொண்டே இருக்கும். நான் பேசப் போகிறேன் என்று கேட்டதும், "நீ மேடையில ஏறுனா எறங்க மாட்டியே, எப்படி எறக்குவாக?" என்று கேட்டார். எங்களுக்குள் எப்போதும் இப்படித்தான்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. குடோனில் பஞ்சுத்தூசி அதிகமானால் உடம்பில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். படபடப்பு வந்தாலும் கிளம்பும். மகளின் பரீட்சை முடிவு வந்த அன்று கழுத்து முழுக்கச் சிவந்து, முடிவு நல்லதா கெட்டதா என்று என் கழுத்தைப் பார்த்துக் குழம்பினவர்கள் உண்டு. இப்போது பட்டிமன்றம் என்றதும் காலையில் கண்ணாடி முன் நின்று "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தால் போதும், நெஞ்சு திக்குத்திக்கென்று அடிக்கும், தாடைக்குக் கீழே அரிக்க ஆரம்பிக்கும். மைக் முன்னால் நின்று சொறிந்துகொண்டே பேச முடியுமா?

எங்கள் ஊரில் தோலில் என்ன வந்தாலும் முதலில் அம்மன் கோவில் புற்றுமண்தான். நானும் குழைத்துப் பூசினேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் "நடுவர் அவர்களே" என்றதும் மண்ணையும் தாண்டிக்கொண்டு தடிப்பு கிளம்பியது. விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. கழுத்தில் மண்ணோடேயே டாக்டரம்மாவிடம் போனேன்.

அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கழுத்தைப் பார்த்தார். புற்றுமண்ணைப் பார்த்து ஏதாவது சொல்லுவார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர், "அது உங்க நம்பிக்கை, பூசிக்கோங்க. சொறிஞ்சு புண்ணான இடத்துல மட்டும் வேண்டாம்" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். பிறகு கேள்விகள். இதய நோய் உண்டா, மயங்கி விழுந்திருக்கிறீர்களா, வலிப்பு வந்ததுண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, கண்ணில் அழுத்தம், சிறுநீர் போவதில் சிரமம் ஏதாவது உண்டா. ஓர் ஈ.சி.ஜி.யும் எடுத்துப் பார்த்தார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா அக்கா?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர்."

பொய் சொல்லவில்லை. மனமறியச் சத்தியமாகச் சொன்னேன்.

"இது ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை. அரிப்புக்கும் கேக்கும், படபடப்பையும் கொஞ்சம் தணிக்கும். கொஞ்ச நாளைக்குத்தான் தருவேன். தூக்கம் வரும், வாய் வறளும். ராத்திரி போடுங்க. போட்டுட்டு வண்டி ஓட்டக் கூடாது. வேற சளி மாத்திரை, தூக்க மாத்திரை எதையும் என்னைக் கேக்காம இதோட சேக்கக் கூடாது. நெஞ்சு தாறுமாறா அடிச்சாலோ மயக்கம் வந்தாலோ உடனே வந்துருங்க. உங்களுக்குக் கேட்டுச்சுன்னு வீட்டுல வேற யாருக்கும் எடுத்துக் குடுத்துராதீங்க."

"மேடையில பேசுத அன்னைக்கு?"

அவர் யோசித்தார். முதலில் வீட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னார். எவ்வளவு அசத்துகிறது என்று தெரிந்துகொண்டு வந்தால் அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன் என்றார். போட்டுப் பார்த்தேன். கண் லேசாகக் கிறங்கியது, ஒரு காபி குடித்துவிட்டுத் துணி துவைத்தேன், அவ்வளவுதான். போய்ச் சொன்னேன். விழா அன்று மதியம் ஒன்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது, இரவு அதே மாத்திரையை மறுபடியும் போடக் கூடாது என்று சீட்டில் எழுதியே கொடுத்தார். அந்தச் சீட்டைப் பேச்சுக் குறிப்போடு சேர்த்துப் பின் குத்தி வைத்தேன்.

விழா நாள் வந்தது. வீட்டுக்காரர் மகளை அழைத்துக்கொண்டு காலையிலேயே ஊருக்குப் போய்விட்டார், பந்தல் வேலை அவர் பொறுப்பு. எனக்குக் குடோனில் அரைநாள். அன்று பார்த்துப் பழைய நூல் மூட்டைகளைப் பிரித்தார்கள். தூசி என்றால் அப்படி ஒரு தூசி. தடிப்பு கிளம்பவில்லை, மாத்திரையின் புண்ணியம். ஆனால் மூக்கு திறந்துகொண்டது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையைப் போட்டேன். பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டினேன். ஸ்கூட்டர் சாவியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இந்த ஊரிலேயே டாக்டர் சொல்லைக் கேட்கிற ஒரே நோயாளி நான்தான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் போவதற்குள் கர்ச்சீப் நனைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே "நடுவர் அவர்களே" என்றால் அழுகிறாள் என்றல்லவா நினைப்பார்கள். எதிரே மருந்துக் கடை. இந்தப் பக்கத்தில் யாரும் சளிக்கு டாக்டரிடம் போவதில்லை. கடையில் போய் நின்று, "அண்ணாச்சி, மூக்கு ஒழுகுது, ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, ஒரு சின்னப் பேப்பர் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். அதில் வெள்ளை உண்டு, மஞ்சள் உண்டு. என்ன மாத்திரை என்று கொடுப்பவரும் சொல்லமாட்டார், வாங்குபவரும் கேட்கமாட்டார். அதை யாரும் மருந்து என்று நினைப்பதே இல்லை. சோடா குடிப்பது மாதிரிதான். டாக்டரம்மா கேட்டபோது ஒண்ணும் கிடையாது என்று நான் சத்தியமாகச் சொன்னதும் அதனால்தான். வருடத்தில் பத்துத் தடவை செட்டு வாங்குகிறவள், ஒரு மாத்திரையும் சாப்பிடுவதில்லை என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

செட்டு இரண்டு வேளைக்கு வாங்கினேன். ஒரு வேளையைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அங்கேயே விழுங்கினேன். பின் குத்திய சீட்டு கைப்பையில்தான் இருந்தது.

நாலரை மணி ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கரிவலத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். அரை மணி நேரம்கூட ஆகாது. குறிப்பை விரித்தேன். 'நடுவர் அவர்களே, செல்போனை அணைத்து வைக்கலாம், சொந்தக்காரரை அணைத்து வைக்க முடியுமா?' இந்த இடத்தில் கைதட்டு விழும் என்று பென்சிலால் கோடு போட்டிருந்தேன். காற்று நன்றாக வந்தது. நெஞ்சு அடிக்கவில்லை. கழுத்து அரிக்கவில்லை. மூக்கு ஒழுகுவதும் நின்றுவிட்டது. இன்றைக்கு மேடையைக் கலக்கிவிடுவேன் என்று சந்தோஷமாகக் கண்ணை ஒரு நிமிடம் மூடினேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்டக்டர்.

"எம்மா, கரிவலம் டிக்கெட்டுதான எடுத்திய?"

வாய் மரக்கட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினேன்.

"இது ராஜபாளையம். அங்கன நாலு தடவ சத்தம் போட்டேன். பக்கத்துல இருந்தவுக உங்கள உலுக்கவும் செஞ்சாக. நீங்க நிமிந்து உக்காந்து, சொந்தக்காரங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு மறுபடியும் சாஞ்சிட்டிய. சரி, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறிய போலன்னு விட்டுட்டோம்."

மணி ஐந்தே முக்கால். இறங்கினால் கால் என் கால் மாதிரியே இல்லை. போனைப் பார்த்தால் திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, எங்கன நிக்க?"

"ராஜபாளையத்துல."

"அங்கன என்ன சோலி உனக்கு?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. வீட்டுக்காரர் இப்படித் தூங்க வைக்கும் மாத்திரையைக் கொடுத்த டாக்டரம்மாவைத் திட்டினார், நானும் சேர்ந்து திட்டினேன். திரும்பி வரும் பஸ்ஸில் உட்காரவே இல்லை. இடம் இருந்தும், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் தண்ணீரைத் தட்டித் தட்டி நின்றே வந்தேன்.

கரிவலத்தில் இறங்கும்போது ஏழு மணி. குழாய் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. எங்கேயோ கேட்ட குரல். நாலு எட்டு நடந்த பிறகுதான் புரிந்தது, என் நாத்தனார்.

கடைசிப் பேச்சாளரைக் காணோம் என்றதும் நடுவர், கூட்டத்தில் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இவர் ஏறிவிட்டார்.

"இங்கன பேச வேண்டியவ என் தம்பி பொண்டாட்டி. ஒரு மாசமா எங்க குடும்பத்துல ஒருத்தர நிம்மதியா இருக்க விடல. போனப் போட்டா பட்டிமன்றம், சோத்தப் போட்டா பட்டிமன்றம். இன்னைக்கு ஊரே உக்காந்திருக்கு, அவளக் காணல. ராஜபாளையத்துல நிக்காளாம். இப்பச் சொல்லுங்க நடுவர் அவர்களே, நிம்மதியக் கெடுக்கது செல்போனா, சொந்தக்காரங்களா?"

விசில் பறந்தது. நான் போட்டு வைத்திருந்த பென்சில் கோடு எல்லாம் சேர்த்து வாங்கினாலும் அவ்வளவு கைதட்டு வந்திருக்காது. எங்கள் அணிதான் ஜெயித்தது. நான் பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று, பச்சைப் பட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்து தொலைத்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். "அன்னைக்கு வேற என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. சோறு, ரசம், உங்க மாத்திரை, ஒரு செட்டு."

"செட்டா?"

மிச்சம் இருந்த கவரை எடுத்துக் கொடுத்தேன். மேஜைமேல் கொட்டி, பேனாவால் ஒரு குட்டி மாத்திரையைத் தனியாக நகர்த்தினார். "இதுவும் ஆன்டிஹிஸ்டமின்தான் அக்கா. நான் குடுத்ததுக்குப் பங்காளி. ஒரே வீட்டுப் பிள்ளைங்க. ரெண்டும் தூங்கவைக்கும், ரெண்டும் வாயை வறள வைக்கும். ஒண்ணே போதும்னு நான் அளந்து குடுத்தேன். நீங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல விருந்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க."

எனக்குச் சண்டை மறந்துவிட்டது. மாத்திரைகளுக்குள்ளும் பங்காளிகள் உண்டு என்று இத்தனை வயதில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"எதுல போனீங்க?" என்று கேட்டார்.

"பஸ்லதான். நீங்கதான் ஸ்கூட்டரத் தொடக் கூடாதுன்னு சொன்னியளே."

"நல்லவேளை" என்றார். கரிவலம் ரோடும், நெல் மூட்டை ஏற்றி எதிரே வரும் லாரிகளும் என் கண்முன் வந்தன. அலமாரியில் பூட்டி வைத்த சாவியும் வந்தது. சண்டை போட வந்தவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மருந்துக் கடை அண்ணாச்சியிடமும் போனேன். "வேற மாத்திரை சாப்பிடுதியளான்னு கேட்டுட்டுக் குடுக்கலாம்லா அண்ணாச்சி?" என்றேன். "கேட்டா நின்னு பதில் சொல்லுதது யாரு? பஸ்ஸு பஸ்ஸுன்னு நீங்கதான பறந்திய?" என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து அவர் கேட்கிறார். பதில் சொல்லாமல் போகிறவர்களை நான் கடை வாசலில் பார்த்தால் சும்மா விடுவதில்லை.

நடுவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். இனிமேல் கூப்பிடமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதையே பேசுங்க" என்றார். அடுத்த மாதம் சிவகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் குழுக்களின் ஆண்டு விழா, காலை பத்து மணிக்குப் பட்டிமன்றம், அதே தலைப்பு. இந்தத் தடவை நான்தான் முதல் பேச்சாளர்.

தடிப்பு அதற்குள் குறைந்திருந்தது. முந்தின நாள் இரவு மட்டும், டாக்டரம்மா சொன்ன அளவில், ஒரு மாத்திரை. காலையில் எதுவும் இல்லை. பஸ்ஸில் கண்ணை விரித்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் முன்வரிசையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரிலேயே வந்திருந்தார். "நீ வரலேன்னா நான் ஏறணும்லா, அதான் வந்தேன்" என்றார்.

மைக் முன்னால் நின்றதும் நெஞ்சு அடித்தது. கழுத்து சிவந்தது, அரித்தது. அரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கையிலிருந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டு, "நடுவர் அவர்களே, என் கழுத்தைப் பாருங்கள், இதுதான் என் முதல் ஆதாரம்" என்று ஆரம்பித்தேன். ராஜபாளையம் கதையைச் சொன்னேன். செட்டைச் சொன்னேன். ஒரே குடும்பத்து மாத்திரை இரண்டு ஓர் உடம்புக்குள் சந்தித்தாலே இந்தக் கதி என்றால், ஒரே குடும்பத்து ஆட்கள் இருபது பேர் ஒரு வீட்டுக்குள் சந்தித்தால் நிம்மதி எங்கே இருக்கும் என்று கேட்டேன். மண்டபம் அதிர்ந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை, தறிச் சத்தம்கூட அதற்குக் கீழேதான். எத்தனை கைப்பைகளுக்குள் கை போய்ப் பேப்பர் கவரைத் தொட்டுப் பார்த்தது என்பதும் மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

நாத்தனார் மட்டும் கைதட்டவில்லை. நான் இறங்கி வந்ததும் கையைப் பிடித்துத் தூணுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனார். பெரிய வம்பு காத்திருக்கிறது என்று நினைத்தேன். அவர் கைப்பையைத் திறந்தார். உள்ளே மூன்று செட்டுக் கவர், பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று, தூக்கம் வரவில்லை என்று யாரோ கொடுத்த அரை அட்டை வேறு.

"ஏட்டி, இதுல எது எதுக்குப் பங்காளி?"

"எனக்குத் தெரியாது மதினி. அத டாக்டர்தான் சொல்லணும்."

"போன வாரம் மேலநீலிதநல்லூர் ரோட்டுல வண்டியில போகும்போது ஒரு நிமிசம் கண்ணு அசந்துட்டு. முழிச்சுப் பாத்தா வண்டி ரோட்டுல இல்ல. கரிசக் காட்டுக்குள்ள நிக்கி. உன் தம்பிட்டக்கூட, ஒருத்தர்ட்டயும் நான் சொல்லல."

பதற்றத்தில் தன் தம்பியை என் தம்பியாக்கிவிட்டார், வேறு நேரமாக இருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பேன். "இன்னைக்குக் காலைல?" என்றேன். "ஒரு செட்டு போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார். சொல்லும்போதே கொட்டாவி வந்தது. நான் கையை நீட்டினேன். எனக்குக் கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, மறுபேச்சு இல்லாமல், ஸ்கூட்டர் சாவியை என் கையில் வைத்தார்.

வண்டியை மண்டபத்துக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினோம். நேராக டாக்டரம்மாவிடம் போவது என்று முடிவு. பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நடுவர் எனக்குப் போர்த்திய பொன்னாடையை மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்தேன். தோள் மரத்துப் போனாலும் நான் அசையவில்லை. கைதட்டல் இன்னும் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்கு எங்கே தூக்கம் வரும்.

சங்கரன்கோவில் பஸ் நிலையம் வந்ததும் அவரைத் தட்டி எழுப்பினேன். "மதினி, எறங்குங்க, நம்ம ஊரு வந்துட்டு."